காந்தியின் அணுகுண்டு, மாரியோவின் மீசை: பழைய வீடியோ கேம் கதைகளைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டன், நோர்வூட், தலவாக்கலை என்று இலங்கை மலைநாட்டில் எங்கள் பக்கத்தில் போன் கையில் இருக்கிற பிள்ளைகள் பலருக்கு இப்போது ஒரு யூடியூப் சேனல் இருக்கிறது. அண்மையில் அவர்களுக்குப் பிடித்திருப்பது, "அந்தக் காலத்து கேம் எப்படி உருவானது தெரியுமா?" என்று தொடங்கும் மூன்று நிமிட வீடியோ. கணினி வகுப்பு எடுக்கிற ஆள் என்பதால் ஸ்கிரிப்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். "சேர், ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க." தமிழில் இந்த விஷயத்தைப் பேச ஆட்கள் குறைவு, அதனால் சந்தோஷமாகவே பார்க்கிறேன். ஆனால் வருகிற தவறுகள் எல்லாம் ஒரே இனம். கதையைச் சுவையாக்கப் போய், அதில் நிஜமாகவே சுவையாக இருந்ததை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அந்தச் சுவை பெரும்பாலும் இல்லாமையில்தான் இருக்கிறது. நினைவகம் போதாது, நேரம் போதாது, அந்த நெருக்கடியில் ஒருவன் என்ன செய்தான் என்பதுதான் கதை.

முதலில் காந்தி. நாடுகளை ஆண்டு வளர்க்கும் சிவிலைசேஷன் என்ற 1991ஆம் ஆண்டு விளையாட்டில் காந்தி அணுகுண்டு போடுவார் என்ற கதையை எல்லாரும் எழுதுகிறார்கள். நம்ம ஆட்களுக்கு இது இனிக்கத்தான் செய்யும். 1927இல் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்துபோனவர் அல்லவா. கதை இப்படிப் போகும்: ஒவ்வொரு தலைவருக்கும் கோபத்தின் அளவாக ஓர் எண் இருந்தது. காந்திக்கு மிகக் குறைவாக 1. நாடு ஜனநாயகத்துக்கு மாறினால் அதிலிருந்து 2 கழியும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுதலாம் என்பதால், பூச்சியத்துக்குக் கீழே போன எண் சுற்றி வந்து 255 ஆகிவிட்டது, சாந்தமூர்த்தி வெறிபிடித்தவராகிவிட்டார்.

கேட்க எவ்வளவு கச்சிதம்! நடக்கவில்லை, அவ்வளவுதான். விளையாட்டை உருவாக்கிய சிட் மேயர் 2020இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பு நூலில் அப்படியொரு பிழை இருந்ததில்லை என்று எழுதிவிட்டார். இரண்டாம் பாகத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸ் சொன்னதும் அதேதான்: கோபத்துக்கு மூன்றே மூன்று படிகள்தான் இருந்தன, காந்தி இருந்த படியிலேயே மற்றத் தலைவர்கள் பலரும் இருந்தார்கள். பிறகு 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஜோன் ஷேஃபர் வேண்டுமென்றே, பத்துக்குள் இருக்க வேண்டிய காந்தியின் அணு ஆயுத விருப்பத்தை 12 என்று வைத்தார். பகிடிக்குச் செய்தது. பிழைக் கதை இணையத்தில் பரவியது அதற்குப் பிறகு. வதந்தி எந்தத் திசையில் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வீடியோ இன்னும் நன்றாக இருக்கும். அதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

இங்கே நடக்கிற தவறு, கணக்கு சரியாக இருப்பதால் சம்பவமும் நடந்தது என்று எடுத்துக்கொள்வது. ஒரு பைட் சுற்றி வருவது உண்மைதான். அதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் 1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்மேன் இருக்கிறது. 255 கட்டங்களைத் தாண்டியவருக்கு 256ஆவது கட்டத்தில் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறிக் கிடக்கும். கீழே பழப் படங்களை வரையும் சிறு நிரல், கட்ட எண்ணுடன் ஒன்றைக் கூட்டும்போது 255 போய் 0 ஆகிவிடுகிறது. அந்தப் பூச்சியத்தை வைத்துக்கொண்டு அது 256 பழங்களை வரையப் போகிறது. மற்றத் திரை நினைவகத்தின் மேலெல்லாம் எழுதிவிடுகிறது. யாரும் அவ்வளவு தூரம் விளையாடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு பொய்யான காந்திக் கதையைச் சொல்வானேன்?

அடுத்தது, எல்லாவற்றையும் "மேதையின் திட்டம்" ஆக்குவது. மாரியோவின் மீசை பற்றி, அவனை உருவாக்கிய நிண்டெண்டோ வடிவமைப்பாளர் மியாமோட்டோவைக் குறிப்பிட்டு, ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "மியாமோட்டோ இத்தாலியக் கலாசாரத்தை ஆராய்ந்து வடிவமைத்தார்." 1981இல் டாங்கி காங் விளையாட்டுக்காக அந்த உருவம் வரையப்பட்டபோது கையிலிருந்தது சில புள்ளிகள் மட்டுமே. வாயை வரைய இடமில்லை, மீசை வைத்தால் மூக்கு தெரியும். தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, தொப்பி போட்டால் அந்த வேலை இல்லை. கை அசைவது தெரிய வேண்டுமென்றால் சட்டைக்கும் அதன் மேல் போடும் தோள்பட்டிக் காற்சட்டைக்கும் வேறு வேறு நிறம் வேண்டும். மாரியோ என்ற பெயர்கூட நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளைக்குக் களஞ்சியம் வாடகைக்கு விட்டிருந்த மாரியோ செகாலேயிடமிருந்து வந்தது. 1985ஆம் ஆண்டு சூப்பர் மாரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. அந்த வீடியோவுக்காகப் பிள்ளை எனக்கு அனுப்பிய முகப்புப் படமே அதைவிடப் பல மடங்கு பெரிது.

1978இல் டைட்டோவுக்காக டொமொஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னொரு உதாரணம். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும், நெஞ்சு படபடக்கும். அது முன்கூட்டித் திட்டமிட்டதல்ல. அத்தனை உருவங்களையும் வரைய அந்தச் செயலி திணறியது. உருவங்கள் அழிய அழிய வேலை குறைந்து ஓட்டம் கூடியது. அதைக் கவனித்து அப்படியே வைத்துக்கொண்டதுதான் அவருடைய கெட்டித்தனம். அந்த விளையாட்டால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்பார்களே, அதை விட்டுவிடுங்கள். ஆதாரம் இல்லை. பெட்டிக்குள் விழுந்த காசைக் கடைக்காரர் எடுத்து வங்கியில்தான் போடுவார், புதைத்து வைக்க மாட்டார்.

பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்து டியூட்டரிகளின் பழைய கணினிகளில் கண்டிப்பாக இருந்த விளையாட்டு அது. அந்த இளவரசன் ஓடுவதும் தாவுவதும் எப்படி மனிதன் மாதிரியே இருக்கிறது? அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பைப் போட்டு, ஒரு வாகனத் தரிப்பிடத்தில் ஓட விட்டு, குதிக்க விட்டு, வீடியோ எடுத்தார். பிறகு ஒவ்வொரு படச்சட்டமாகப் பிரித்து, உருவத்தைத் தடம்பிடித்து ஆப்பிள் 2 கணினிக்குள் கொண்டுவந்தார். வாள் சண்டைக்கு 1938இல் வந்த ரொபின் ஹூட் படத்தின் இறுதிச் சண்டையிலிருந்து சில கணங்களை எடுத்துக்கொண்டார். இசை அவருடைய அப்பா. இவ்வளவும் முடிந்தபோது நினைவகம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது, எதிரி என்று இன்னொரு உருவத்தை வைக்க இடமே இல்லை. அப்போதுதான் அந்த நிழல் மனிதன் பிறந்தான். அவன் புதிய படம் கிடையாது. இளவரசனின் அதே படத்தை ஒரு புள்ளி தள்ளி, அதன் மேலேயே கணக்குப் போட்டு இணைத்தால் பளபளக்கும் ஓர் உருவம் கிடைக்கிறது. நினைவகச் செலவு இல்லை. கண்ணாடியிலிருந்து பாய்ந்து வந்து, நாம் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிட்டுப் போகிற அந்தப் பயல், இடமில்லாததால் வந்தவன்! விளையாட்டு 1989இல் வந்தபோது முதலில் சரியாக விற்கவும் இல்லை. இந்தக் கதைக்கு மேலே ஒரு சொட்டுச் சீனி போடத் தேவையில்லை. "பாரசீகப் புராணத்தில் வரும் நிழல் அரக்கன்" என்று ஒரு ஸ்கிரிப்டில் படித்தேன். எங்கிருந்து பிடித்தார்களோ.

"உலகின் முதல்" என்ற சொற்களைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். முதல் வீடியோ கேம் என்று பலரும் எழுதுகிற பொங் வந்தது 1972இல். அதே ஆண்டில் ரால்ஃப் பேயரின் ஒடிசி வீட்டு விளையாட்டுப் பெட்டியும் வந்தது. அதற்கு முன் 1971இல் கம்ப்யூட்டர் ஸ்பேஸ், 1962இல் ஸ்பேஸ்வார், 1958இல் வில்லியம் ஹிகின்போதம் ஓர் ஆய்வுகூடத் திரையில் காட்டிய டென்னிஸ். அட்டாரி நிறுவனத்தின் அட்வெஞ்சர் விளையாட்டில் நிரலாளர் வாரன் ரொபினெட் தன் பெயரை ஒளித்துவைத்த அறைதான் முதல் ஒளிவு ரகசியம் (ஈஸ்டர் எக்) என்பார்கள். 1977ஆம் ஆண்டு விளையாட்டொன்றில் அதற்கு முந்தியது ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது 2017இல்தான். "முதல்" என்பது நாளைக்கு மாறலாம். "அட்டாரி தன் நிரலாளர்களின் பெயரைப் போட மறுத்தது, அதனால் அவர் ஒளித்தார்" என்பது மாறாது. அதைச் சொல்லுங்கள்.

ஒரு விளையாட்டின் தலையில் எல்லாப் பழியையும் கட்டுவதும் அப்படித்தான். ஈ.டி. படத்தை வைத்து அட்டாரி செய்த விளையாட்டு படுமோசம், அதனால் வீடியோ கேம் தொழிலே அழிந்தது, மிச்சத்தைப் பாலைவனத்தில் புதைத்தார்கள் என்று எழுதுகிறார்கள். அதை எழுதிய ஹோவார்ட் ஸ்கொட் வார்ஷாவுக்கு 1982இல் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். நத்தார் விற்பனைக்கு முடித்தாக வேண்டும். அது ஓட வேண்டிய அட்டாரி விளையாட்டுப் பெட்டியின் நினைவகம் வெறும் 128 பைட். 1983இல் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோவில் புதைத்தது உண்மை, 2014இல் தோண்டியதும் உண்மை. ஆனால் தோண்டியபோது வந்தது ஈ.டி. மட்டுமல்ல, நன்றாக விற்ற வேறு பல விளையாட்டுகளும்தான். சந்தை சரிந்ததற்குக் காரணம், கண்டவர்களெல்லாம் கெசட் அடித்துக் கடையை நிரப்பியதும், மலிவு விலைக் கணினிகள் வந்ததும். அதோடு, சரிந்தது வட அமெரிக்கச் சந்தை. அதே 1983 ஜூலையில்தான் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபமிகொம் விளையாட்டுப் பெட்டி கடைக்கு வந்தது. "உலகமே" என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

அந்த ஃபமிகொம்தான் நமக்குத் தெரிந்த டீவி கேமின் மூலம். இங்கே நம்மவர்களுடைய தவறு ஒன்று இருக்கிறது. தீபாவளி எட்வான்ஸ் கிடைத்த கையோடு டவுனில் வாங்கிவந்த பெட்டி நிண்டெண்டோ இல்லை, அதன் நகல். மஞ்சள் கெசட்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடியது, மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு கட்டத்தில் தொடங்கும். அந்த நகல்களில் பலதைத் திருத்தியும் வைத்திருந்தார்கள். கொனாமி நிறுவனத்தின் கொன்ட்ரா விளையாட்டில் முப்பது உயிர் வேண்டுமென்றால் பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்தும் இரகசியக் குறியீடு அடிக்க வேண்டும்; எந்தக் குறியீடும் அடிக்காமலே அதைத் தரும் நகல் உண்டு. ஆகவே "எங்க வீட்டு கெசட்டில் நானே பார்த்தேன்" என்பது கொனாமி அப்படித்தான் செய்தது என்பதற்கு ஆதாரமாகாது. உண்மையான குறியீடு கசுஹிசா ஹஷிமொட்டோ என்பவருடையது. 1986இல் கொனாமியின் கிரேடியஸ் விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, விளையாட்டு அவருக்கே கடினமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாக மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பீ ஏ என்று வைத்தார். வெளியீட்டுக்கு முன் எடுக்க மறந்துபோனது. கொன்ட்ராவுக்குள் அது பிறகுதான் வந்தது.

டீவி கேமோடு வரும், திரையில் வாத்துச் சுடுகிற துப்பாக்கியையும் பலர் தலைகீழாக விளக்குகிறார்கள். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டீவியில் படுவதாக. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது பார்க்க மட்டும் செய்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். குழலுக்குள் இருக்கிற ஒளியுணரி கறுப்புக்குப் பின் வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தக் கணத்தில் வெளிச்சம் கிடைத்தது என்பதை வைத்து எது விழுந்தது என்று தெரிந்துகொள்ளும். காம்பராவின் கோடியில் நின்று சுட்டாலும், டீவியில் குழலை ஒட்டிவைத்துச் சுட்டாலும் அதற்கு ஒன்றுதான். பரணில் கிடந்த துப்பாக்கியை எடுத்துப் புது எல்சிடி டீவியில் மாட்டி, "பழுதாகிப் போச்சு சேர்" என்று கொண்டுவருகிறார்கள். பழுது இல்லை. பழைய குழாய் டீவி வரிவரியாகத் திரையை வரைகிற வேகத்துக்கு அதைப் பழக்கியிருக்கிறார்கள், புது டீவி அப்படி வரைவதில்லை, படத்தையும் சற்றுப் பிந்திக் காட்டுகிறது.

செய்தவரே சொன்னால் சரிதானே என்று கேட்கலாம். பெரும்பாலும் சரி. ஜிடிஏ மூன்றில் நிலவைத் தூரத்துத் துப்பாக்கியால் சுட்டால் அளவு மாறும். ஓவியர்களுக்குள் நிலவின் அளவு பற்றி ஒத்துவராததால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மாறும்படி தானே வைத்துவிட்டதாக நிரலாளர் ஒபே வெர்மெய் சொல்லியிருக்கிறார். விளையாடிப் பார்த்தாலும் மாறுகிறது. ஆனால் பேக்மேன் உருவம் ஒரு துண்டு எடுத்த பீட்சாவிலிருந்து வந்தது என்ற கதையை அதை உருவாக்கிய டோரு இவாட்டானியே பாதி உண்மை என்றுதான் ஒரு பேட்டியில் சொன்னார். மீதிப் பாதி, வாயைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்தின் சதுரத்தை உருட்டியது. ஸ்கிரிப்டுகளில் பீட்சா மட்டும் முழு உண்மையாகிவிடுகிறது. பீட்சா படம் போடுவது லேசு.

கடைசியாக, நான் திருத்தாமல் திருப்பி அனுப்புகிற வகை ஒன்று உண்டு. போகிமோன் விளையாட்டில் வரும் லாவெண்டர் என்ற ஊரின் இசையைக் கேட்டு ஜப்பானில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்பது. அப்படி எதுவும் நடக்கவில்லை, இணையத்தில் யாரோ எழுதிய பேய்க்கதை அது. பார்ப்பவர்கள் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் என்று தெரிந்துகொண்டே இதைச் செய்தி மாதிரிப் போடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தப் பேய்க்கதையை நம்பவைத்ததில் ஒரு நிஜச் சம்பவத்துக்கும் பங்கிருக்கும். 1997 டிசம்பர் 16ஆம் தேதி போகிமோன் டீவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறிப் பளிச்சிட்ட காட்சியால், 685 பேர் வலிப்பு, தலைசுற்றல் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது கேம் அல்ல. யாரும் இறக்கவும் இல்லை. அந்த வெளிச்சம் ஏன் உடம்பை அப்படிச் செய்தது, அதன் பிறகு ஜப்பானியத் தொலைக்காட்சிகள் ஒளிச்சிமிட்டலுக்கு என்ன விதி வைத்தன என்று எழுதி வா என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.