பூனை ஆஸ்துமா: இன்ஹேலர் போட்டும் நிற்காத இருமல் நின்றது இப்படித்தான்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பூனை தரையோடு பம்மி, கழுத்தை முன்னால் நீட்டி இருமும். எதுவும் வெளியே வராது. ஒருமுறை விழுங்கிவிட்டு எழுந்து போய்விடும். முடி உருண்டைக்கான பேஸ்ட், பூச்சி மருந்து, ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்கவில்லை. எக்ஸ்ரேயில் மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்துச் சின்னச் சின்ன வளையங்களாகத் தெரிந்தன. ஆஸ்துமா.

டாக்டர் எழுதியது ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர், 125 மைக்ரோகிராம், காலை மாலை ஒரு பஃப். அது பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் அதுவரை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. மாத்திரையைக் குறைத்ததும் இருமல் திரும்ப வந்துவிட்டது.

காரணம் ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய். புது பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும். மருந்து உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவும் லிக்விட் ஓரிரு சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைக்காமல் தானாகக் காயவிட்டேன். துணியால் துடைத்தால் மின்னேற்றம் திரும்பிவிடும். குழந்தைகளுக்கான ஸ்பேசரும் மாஸ்க்கும்தான் வேண்டும். பெரியவர்களுடையதில் பூனையின் மூச்சுக்கு வால்வே அசையாமல் போகலாம். மூக்கும் வாயும் உள்ளே அடங்கும்படி மாஸ்க்கை இடுக்கில்லாமல் பிடித்து 7 முதல் 10 மூச்சு எண்ணுங்கள். 'புஸ்' சத்தத்துக்கு மிரண்டால், முதலில் இன்ஹேலரை அழுத்திவிட்டு உடனே மாஸ்க்கை வையுங்கள்.

இருமல் நின்றுவிட்டது, பெரிய நிம்மதி. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையை வீட்டுக்குள் விடுவதில்லை. தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சைத் தாண்டினால் டாக்டரைக் கேளுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.