மட்லாப் வாங்குமுன் ஒக்டேவில் ஓட்டிப் பாருங்கள்

மட்லாப் என்பது காசு கட்டி வாங்கும் கணிப்பு மென்பொருள். உங்களிடம் உள்ள மட்லாப் கோப்பை அப்படியே ஒக்டேவில் திறந்து ஓட்டிப் பாருங்கள். ஓடிவிட்டால் உரிமத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஒக்டேவ் இலவசமான திறமூல மென்பொருள். எழுத்துமுறை பெரும்பாலும் மட்லாப்பினுடையதே. அதனால் அணிகள், சமன்பாடுகள், வரைபுகள் போன்ற வழக்கமான பொறியியல் கணிப்புகள் அநேகமாகத் திருத்தமின்றியே ஓடும். ஒருமுறை இறக்கி நிறுவினால் இணையம் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில் டேட்டா இல்லாமலே வேலை செய்யலாம்.

இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு சரிவக வடிவ வாய்க்காலை எடுங்கள். பாய்ச்சல் தெரியும், நீரின் ஆழம் வேண்டும். வாய்க்காலில் பாயும் நீரைக் கணிக்கும் மானிங் சமன்பாட்டில் பரப்பு, நனைந்த சுற்றளவு இரண்டிலும் ஆழம் வருவதால் அதைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. கையால் செய்தால் ஊகித்து ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். சமன்பாட்டின் தீர்வைத் தேடித் தரும் எஃப்சீரோ (fzero) கட்டளைக்கு 0.05 மீற்றர், 3 மீற்றர் என்று இரு எல்லைகளைக் கொடுத்தால் விடை உடனே வரும். விடை அந்த எல்லைகளுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மட்லாப்போடு வரும், கட்டங்களை இணைத்து மாதிரி அமைக்கும் சிமுலிங்க்கில் செய்த மாதிரிகளுக்கு ஒக்டேவ் சரிவராது. நீண்ட சுழற்சிகளும் (loop) மெதுவாகத்தான் ஓடும். அப்புறம், ஒப்படையை மட்லாப்பில் திருத்துவார்கள் என்றால் குறிப்புரைகளுக்கு விழுக்காட்டுக் குறியையே (%) போடுங்கள். ஒக்டேவ் ஏற்கும் ஹாஷ் குறியை (#) மட்லாப் ஏற்காது.