போடிங் பார்க்கப் போனால் கிணற்றடிக்கும் போங்கள்

யாழ்ப்பாணத்துக்குக் கம்பஸ் படிக்க வருகிறீர்களா? தங்கப்போகும் போடிங் அறைக்கு முற்பணம் கொடுக்க முன்னர், அந்த வளவுக் கிணற்றுத் தண்ணியை ஒரு வாய் விட்டுக் கொப்பளித்து, உப்புக் கரிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அதிலேயே சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நுரைக்காமல் விரலிடுக்கில் வெள்ளையாகத் திரிந்து ஒட்டினால், நாலு வருடமும் தலைமுடிக்கும் உடுப்புக்கும் அதே கதிதான். அறை எவ்வளவு வடிவாக இருந்தாலும் நான் வேறு இடம் பார்க்கத்தான் சொல்வேன்.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைத்தண்ணி, கடல்தண்ணிக்கு மேலே ஒரு படையாக மிதந்து நிற்கிறது. கரைப்பக்கம் அந்தப் படை மெல்லியது. கூட இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு இந்தச் சோதனையை நம்பவேண்டாம், உப்புக் கரிக்கும் சவர்க் கிணறும் அப்போது நல்ல தண்ணிபோல் இருக்கும். ஆவணி, புரட்டாதி வெயிலில் பார்ப்பதே சரி. இன்னொன்று, தோட்டப் பசளையால் சேரும் நைத்திரேற்று நாக்குக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே குடிக்கிற தண்ணி எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று வீட்டுக்கார அம்மாவிடம் கட்டாயம் கேளுங்கள்.

யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயம், தொழில்நுட்பப் பீடங்களுக்கு வருபவர்கள், பிரதான வளாகம் இருக்கும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை தேடவேண்டாம். அவை கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன.