ஜிரா வெப் பேனல்: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, தான் எழுதிய முதல் ஜிரா பேனலைக் காட்டினார். (ஜிரா என்பது வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருள்; அதில் பதியும் ஒவ்வொரு வேலையும் ஓர் இஷ்யூ.) இஷ்யூவைத் திறந்தால் வலது ஓரத்தில் ஒரு பெட்டி. அதில் வாடிக்கையாளர் பெயர், ஒப்பந்த எண், முடியும் தேதி. ஸ்கிரிப்ட்ரன்னரில் (ஜிராவில் சொந்த ஸ்கிரிப்ட் ஓட்ட உதவும் ஆட்-ஆன்) முப்பது வரி குரூவி (ஜாவாவோடு ஒட்டி ஓடும் மொழி). அழகாகத்தான் வந்திருந்தது. பதினேழாவது வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி.

இம்போர்ட் விட்டுப்போனது, பிராக்கெட் மூடாதது எல்லாம் எடிட்டரே சிவப்புக் கோடு போட்டுச் சொல்லிவிடும். அது சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன். கிளவுட் கதை வேறு. இது சொந்த சர்வரில் டேட்டா சென்டர் பதிப்பு ஓட்டுபவர்களுக்கு.

பேனலுக்குள் இருந்து வெளி சர்வரைக் கூப்பிடுவது

வெப் பேனல் ஸ்கிரிப்ட் ஓடுவது பிரவுசரில் அல்ல, ஜிரா சர்வரில். இஷ்யூ பக்கத்தைத் தயாரிக்கும் அதே டாம்கேட் (ஜிரா ஓடும் வெப் சர்வர்) த்ரெட்தான் உங்கள் குரூவியையும் ஓட்டுகிறது. த்ரெட் என்றால் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி. அது முடிந்தால்தான் பக்கம் நகரும். தேடல் பக்கத்தின் இடது பட்டியலில் ஒவ்வொன்றாக க்ளிக் செய்துகொண்டே போனால், ஒவ்வொரு க்ளிக்குக்கும் மறுபடி ஓடும்.

அந்தப் பதினேழாவது வரி, பில்லிங் சர்வர் முகவரியை யூஆர்எல் ஆக்கி அதனிடம் 'டெக்ஸ்ட்' கேட்கிறது. குரூவியில் ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஜாவாவில் இந்த இணைப்பின் டைம்அவுட் (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு) இயல்பாகவே 0. உடனே விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள்; எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும் என்பதுதான் அதற்குப் பொருள்.

ஏழு வருடத்துக்கு முன் என் பேனல் மாட்டிய அன்று மாதக் கடைசி. பில்லிங் சர்வர் செத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். இணைப்பு உடனே மறுக்கப்பட்டு, என் கேட்ச் (பிழை வந்தால் ஓடும் பகுதி) அதைப் பிடித்து 'தகவல் இல்லை' என்று எழுதியிருக்கும். அது சாகவில்லை. இணைப்பை ஏற்றுக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது. பிழையே வராதபோது கேட்ச் எதைப் பிடிக்கும்? பக்கம் வரவில்லையே என்று ஆட்கள் எஃப்5 தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டலுக்கும் இன்னொரு த்ரெட் போய் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் த்ரெட்டெல்லாம் தீர்ந்து, இந்தப் பேனலே இல்லாத புராஜெக்ட்காரர்களுக்கும் ஜிரா திறக்கவில்லை. டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டோம். ரீஸ்டார்ட் செய்தோம், கால் மணி நேரம் ஓடிவிட்டு மறுபடி உறைந்தது. மூன்றாவது ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்தான் ஒருவர் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எங்கே நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்தார். பக்கம் பக்கமாக ஒரே கதை: மேலே சாக்கெட் ரீட் (இணைப்பில் பதிலுக்குக் காத்திருப்பது), கீழே என் ஸ்கிரிப்ட். அதுவரை திட்டு வாங்கிய, டேட்டாபேஸைக் கவனிக்கும் டிபிஏ என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இன்றைக்கும் எரிச்சல் வருவது 'ஸ்டேஜிங்கில் நல்லாத்தான் ஓடிச்சு' என்ற பதிலைக் கேட்டால்தான். (ஸ்டேஜிங் என்பது சோதனை சர்வர்; புரொடக்‌ஷன் என்பது நிஜமாக ஓடுவது.) ஸ்டேஜிங் பில்லிங் சர்வரும் அங்கே சும்மாதானே இருக்கிறது! நெட்கேட்டை (இணைப்புகளைச் சோதிக்கும் சின்னக் கருவி) 9999 போர்ட்டில் திறந்து வைத்துப் பேனலை அங்கே திருப்பிவிடுங்கள். இணைப்பை எடுக்கும், வாய் திறக்காது. அப்போதும் இஷ்யூ பக்கம் திறக்கிறதா என்று பாருங்கள்.

குறைந்தபட்சம், இணைப்புக்கு 1000, படிப்பதற்கு 2000 மில்லிசெகண்ட் என்று டைம்அவுட் கொடுங்கள். இன்னும் நல்ல வழி, பேனல் ஒரு காலி டிவ்வை (எச்டிஎம்எல் பெட்டியை) மட்டும் எழுதட்டும். பக்கம் வந்த பிறகு பிரவுசர் ஒரு ரெஸ்ட் எண்ட்பாயிண்ட்டிடம் (சர்வரில் தகவல் தரும் முகவரியிடம்) கேட்டு அதை நிரப்பட்டும். அந்த எண்ட்பாயிண்ட்டும் டாம்கேட் த்ரெட்டில்தான் ஓடுகிறது, அதனால் டைம்அவுட் அங்கேயும் வேண்டும். ஒப்பந்தத் தேதி நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. பத்து நிமிடம் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அப்புறம், அந்த முகவரியை நேரடியாகத் தட்டுபவருக்கு இஷ்யூவைப் பார்க்க அனுமதி உண்டா என்பதையும் நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

கண்டிஷனைக் காலியாக விடுவது

பேனல் எங்கே தெரிய வேண்டும் என்று சொல்வது கண்டிஷன். காலியாக விட்டால் எல்லாப் புராஜெக்ட்டிலும் தெரியும். நிரப்புங்கள்.

கஸ்டம் ஃபீல்ட் எண்

நாமே சேர்க்கும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஜிரா ஓர் எண் கொடுக்கும். ஸ்டேஜிங்கில் அது 10204 என்றால் புரொடக்‌ஷனிலும் 10204 என்று யார் சொன்னது? சரி, பெயரை வைத்துத் தேடலாம் என்றால், ஒரே பெயரில் இரண்டு ஃபீல்ட் இருக்க ஜிரா விடும். எண்களை ஒரே இடத்தில், சர்வருக்குச் சர்வர் தனியாக எழுதி வையுங்கள்.

அனுமதியைத் தாண்டித் தேடுவது

பாதுகாப்பைப் பார்க்காமல் தேடும் மெத்தட் ஒன்று இருக்கிறது. 'ரிசல்ட் வரலையே' என்று தவிக்கும்போது கண்ணில் படும், போட்டால் உடனே வரும். எச்ஆர் புராஜெக்ட்டின் இஷ்யூ தலைப்புகளும் சேர்ந்து வரும்.

சம்மரியை அப்படியே எழுதுவது

சம்மரி என்பது இஷ்யூவின் தலைப்பு. அதைப் பக்கத்தில் எழுதும் ரைட்டர் எதையும் எஸ்கேப் செய்யாது, அதாவது டேக்குகளை வெறும் எழுத்தாக மாற்றாது. யாராவது சம்மரியில் ஸ்கிரிப்ட் டேக் வைத்தால், பார்க்கிற எல்லோருடைய பிரவுசரிலும் ஓடும்.

தம்பியின் பேனலில் இப்போது டைம்அவுட் 2000. 5000 கேட்டார், கொடுக்கவில்லை.