மாலகா பக்கம் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜனவரியில் அந்த ஊரைப் பாருங்கள்

தெற்கு ஸ்பெயினின் கடற்கரை நகரமான மாலகாவுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது, அதற்குள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வாடகை இவ்வளவு கொடுக்கிறோமே, அதே பணத்தில் தவணை கட்டி வீடே வாங்கிவிடலாமே?" வாங்கலாம், தாராளமாக. ஆனால் வந்த முதல் வருஷத்தில் வேண்டாம். ஒரு குளிர்காலத்தையாவது வாடகை வீட்டில் கழித்துவிட்டு, எந்த ஊர், எந்தத் தெரு என்று முடிவு செய்யுங்கள். வீட்டை அதற்கப்புறம் தேடிக்கொள்ளலாம். இங்கே விற்பனைக்கு வரும் எல்லா வீட்டின் படங்களும் ஆகஸ்டில் எடுத்தவை. நீங்கள் வாழப்போவது பன்னிரண்டு மாதமும்.

ஜனவரியில் மாலகாவில் பகலில் 17 டிகிரி, இரவில் 7 அல்லது 8. ஊட்டி மாதிரிதானே, சமாளித்துவிடலாம் என்று தோன்றும். வெளியே நிஜமாகவே சுகமாக இருக்கும், சிக்கல் வீட்டுக்குள்தான். 1960-களிலிருந்து 80-கள் வரை சுற்றுலாவுக்காகக் கட்டித் தள்ளிய அடுக்குமாடிகள் கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. தரை முழுக்க டைல்ஸ் அல்லது மார்பிள், சுவர்களில் குளிர் தடுக்கும் பூச்சு எதுவும் கிடையாது, ஹீட்டர் இணைப்பும் இருக்காது, கடல் ஈரம் வேறு. மதியம் மூன்று மணிக்குத் தெருவில் சட்டையோடு நடக்கிறவர் வீட்டுக்குள் வந்து ஸ்வெட்டர் போடுவார். அதனால் வீடு பார்க்கப் போனால் ஹாலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்காமல், படுக்கையறை அலமாரியைத் திறந்து மூக்கை உள்ளே விடுங்கள். தோல் செருப்பு, கைப்பை இருந்தால் அதன் மேல் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா பாருங்கள். கட்டிலின் தலைமாட்டுச் சுவர் வெளிச்சுவராக இருந்தால், கீழ் ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் தெரியும். ஜன்னலின் அலுமினியச் சட்டத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால், ஏன் என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

வாசல் கிழக்கா வடக்கா என்று பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இங்கே வீட்டின் விலையையும் உங்கள் மின்கட்டணத்தையும் தீர்மானிப்பது பால்கனி தெற்குப் பார்த்ததா என்பதுதான். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகப் போவதால் தெற்குப் பார்த்த ஹாலில் வெயில் உள் சுவர் வரைக்கும் வரும், கோடையில் சூரியன் உச்சிக்குப் போய்விடுவதால் அதே வெயில் பால்கனியோடு நின்றுவிடும். வடக்குப் பார்த்த தரைத்தள வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன், குழந்தைக்கு வீசிங் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஜனவரியில் வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, ஊரையும் பாருங்கள். நீச்சல் குளம், தோட்டம், காவலாளி எல்லாம் உள்ள குடியிருப்பு வளாகங்கள் மலைச்சரிவில் நிறைய இருக்கின்றன, படத்தில் பார்த்தால் மயங்கிவிடுவோம். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது, எத்தனை வீட்டில் பெர்சியானா, அதாவது அந்த உருட்டுக் கதவுகள், முழுசாக இறங்கிக் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வாசல் கேட்டில் எண் பூட்டுள்ள சின்னச் சின்னச் சாவிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கினால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒருவராக மாறப்போகிறார் என்று அர்த்தம், கோடை முழுக்க இரவு இரண்டு மணிக்குப் பெட்டி உருட்டும் சத்தம் கேட்கும். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட வேண்டுமானால் கட்டட உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கு சம்மதம் வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களை அது தொடாது. "நாங்கள் இல்லாத மாதங்களில் ஏர்பிஎன்பி-க்கு விட்டுக் கடனைக் கட்டிவிடுவோம்" என்று கணக்குப் போடுகிறவர்களும் இந்த விதியை முதலில் படியுங்கள்.

போக்குவரத்து விஷயத்தில் இந்தக் கடற்கரை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மாலகா நகரிலிருந்து மேற்கே சி1 ரயில் விமான நிலையம், தோர்ரெமோலினோஸ், பெனால்மாதெனாவின் அர்ரோயோ தெ லா மியெல் வழியாக ஃபுவென்ஹிரோலா வரை போகிறது, இருபது நிமிஷத்துக்கு ஒன்று. அங்கேயே தண்டவாளம் முடிந்துவிடும். மார்பெயாவுக்கு ரயில் கிடையாது, எஸ்தெபோனாவுக்கும் கிடையாது. கிழக்கே ரின்கோன் தெ லா விக்தோரியா, தோர்ரெ தெல் மார், நெர்ஹா என்று அழகான ஊர்கள், அந்தப் பக்கமும் பஸ் அல்லது சொந்தக் கார்தான். டெக்பார்க் என்ற தொழில்நுட்பப் பூங்காவில் வேலை என்றால் அது நகரத்துக்கு மேற்கே, கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நெர்ஹாவில் வீடு வாங்கிவிட்டு அங்கே தினம் போய்வருவது என்ன பாடு என்பதை, வாங்கும் முன் காலை எட்டு மணிக்கு ஒருமுறை காரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, ஏஜென்ட் அதைக் கேட்கவே மாட்டார். அம்மா அப்பா ஊரிலிருந்து மூன்று மாதம் வந்து தங்குவார்கள். அவர்களுக்குக் கார் ஓட்ட வராது, ஸ்பானிஷ் தெரியாது, முழங்கால் வலி இருக்கும். நீங்கள் வேலைக்குப் போனபின் அவர்கள் தாங்களாகவே இறங்கி நடந்து, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நாலு முகத்தைப் பார்த்து, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்ப முடியுமா? மலைச்சரிவு வளாகங்களில் முடியாது. கடல் 900 மீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருப்பான், ஏற்றத்தைச் சொல்லியிருக்க மாட்டான். ஃபுவென்ஹிரோலாவின் லோஸ் போலிச்செஸ் மாதிரி இடங்களில் ரயில் நிலையம், சமதளமான கடற்கரை நடைபாதை, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் கடைகள், செவ்வாய்க்கிழமைச் சந்தை எல்லாம் நடக்கும் தூரத்தில் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மாதிரி ஊரில் லிஃப்ட் உள்ள பழைய கட்டடத்தில் தெற்குப் பார்த்த மூன்றாம் மாடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

வெள்ளத்தைப் பற்றி யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். வலென்சியாவில் 2024 அக்டோபர் 29 அன்று நடந்தது எல்லோருக்கும் தெரியும், 220 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இந்தக் கடற்கரை முழுவதும் அதே மாதிரிதான்: வருஷத்தில் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் ஓடைகள், இலையுதிர்காலத்தில் ஒரே நாளில் கொட்டும் மழை. டெக்பார்க் பக்கத்திலிருக்கும் கம்பானியாஸ் 2020 ஜனவரியில் மூழ்கியது. வேலைக்குப் பக்கம் என்று அங்கே பார்க்கிறவர்கள் அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். தரைத்தளத்தையும் நிலத்தடி கார் நிறுத்தத்தையும் கூடுதலாகவே விசாரியுங்கள்.

கிழக்கே அக்சார்கீயா மலைப்பக்கம் போனால் மனசு அங்கேயே நின்றுவிடும். வெலெஸ்-மாலகாவைச் சுற்றி மாந்தோப்புகள், செப்டம்பர் அக்டோபரில் அறுவடை, ஐரோப்பாவில் மரத்திலிருந்து பறித்த மாம்பழம் சாப்பிடலாம். தோட்டத்தோடு வீடு வாங்கும் ஆசை யாருக்குத்தான் வராது? ஆனால் அங்கே அனுமதியில்லாமல் கட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. சிலவற்றுக்கு ஆஃபோ என்ற அங்கீகாரம் வாங்கியிருப்பார்கள். தண்ணீர், மின்சார இணைப்பு பெற அது உதவும், ஆனால் முழுச் சட்டப்பூர்வ வீடு ஆகிவிடாது, இஷ்டத்துக்கு மாடி எடுக்கவும் முடியாது. தண்ணீரும் அங்கே லேசான விஷயமில்லை. 2024 தொடக்கத்தில் லா வினியுவெலா அணை பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, அடுத்த வருஷ மழையில்தான் மீண்டது. கிணற்றுக்கு உரிமை இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள்.

சரி, பணம். மாலகா இருக்கும் ஆந்தலூசியா மாநிலத்தில் பழைய வீடு வாங்கினால் 7 சதவீதம் சொத்துக் கைமாற்ற வரி. புது வீடு என்றால் 10 சதவீத ஐவா, அதாவது மதிப்புக் கூட்டு வரி, அதற்கு மேல் 1.2 சதவீத முத்திரை வரி. 3 லட்சம் யூரோ பழைய வீட்டுக்கு வரி மட்டும் 21,000, நோட்டரி, பதிவு, வக்கீல் செலவு தனி. 2022 முதல் அரசு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு மதிப்பு வைத்திருக்கிறது, நீங்கள் பேசி முடித்த விலை அதைவிடக் குறைவாக இருந்தாலும் வரி அந்த மதிப்புக்குத்தான். முகவரியை வைத்து முன்பே பார்த்துவிடலாம். இங்கே வசிப்பவர்களுக்கு வங்கி பொதுவாக 80 சதவீதம் வரை கடன் தரும், வேலையில் தகுதிகாண் காலம் முடியாவிட்டால் பேச்சே எடுபடாது. ஆக, கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ரொக்கமாக இருக்க வேண்டும். ஊரில் நிலம் விற்ற பணம் என்றால், வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊர் வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை கொண்டுவரலாம், ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும், இங்கே வங்கியும் நோட்டரியும் பணம் வந்த வழியைக் கேட்பார்கள், அதனால் விற்பனைப் பத்திரத்தை மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் விசா என்பது பழைய கதை, 2025 ஏப்ரல் 3-ஓடு அது முடிந்தது. இன்னும் அதைச் சொல்லி விற்கிறவர் இருந்தால் அவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்களுக்கென்று தனி வக்கீல் வையுங்கள், ஏஜென்ட் கூட்டிவருகிறவர் வேண்டாம். பதிவு அலுவலகத்திலிருந்து நோத்தா சிம்ப்ளே என்ற பதிவேட்டுச் சுருக்கத்தை எடுத்தால் உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், பத்துப் பதினைந்து யூரோ சமாசாரம். குடியிருப்புச் சங்கத்துக்கு விற்பவர் வைத்த பாக்கி நடப்பு வருஷத்துக்கும் அதற்கு முந்தைய மூன்று வருஷத்துக்கும் வீட்டின் மேலேயே நிற்கும், வாங்கியவர்தான் கட்ட வேண்டும். பாக்கி இல்லை என்ற சான்றிதழோடு கடைசி இரண்டு மூன்று கூட்டங்களின் குறிப்பேட்டையும் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் மாற்ற வேண்டும், முகப்பைச் செப்பனிட வேண்டும் என்று பேசியிருந்தால், வீட்டுக்கு ஐயாயிரம் ஆறாயிரம் என்று பின்னால் வந்து நிற்கும். அர்ராஸ் என்ற முன்பண ஒப்பந்தத்தில் வழக்கமாகப் பத்து சதவீதம் கொடுப்போம். வழக்கமான அர்ராஸில் நீங்கள் பின்வாங்கினால் அது போச்சு, விற்பவர் பின்வாங்கினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற வரியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவர் என்றால் விலையில் 3 சதவீதத்தை நீங்களே பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும், மறந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

நோட்டரி முன்னால் பத்திரத்தை வாசிப்பார்கள். ஸ்பானிஷ் முழுசாகப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், தலையாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டாம். சாவி கைக்கு வந்ததும் தண்ணீர், மின்சாரத்தை உங்கள் பெயருக்கு மாற்றி, நகராட்சியில் பத்ரோன் என்ற குடியிருப்போர் பதிவேட்டில் முகவரியையும் மாற்றிவிடுங்கள். பள்ளிக்கூட விண்ணப்பம் மார்ச்சில், வீடு எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்பதையும் வைத்துப் புள்ளி போடுவார்கள். பிள்ளைகள் இருக்கிறவர்கள் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வீட்டு வேலையைத் தொடங்குங்கள்.