ஏஜிசப்பில் கரோக்கே: பாட்டோடு நிறம் ஓடும் வரிகள்

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் மேடைக்குப் பின்னால் திரை கட்டி, தப்பு மேளப் பாட்டின் வரிகளை நிறம் மாற ஓடவிட்டால் கூட்டமே சேர்ந்து பாடும். அதற்கு வரிகளுக்கு நேரம் குறிக்கும் ஏஜிசப், வீடியோவை மாற்றும் ஹேண்ட்பிரேக், வீடியோ தொகுக்கும் ஷாட்கட் என்ற மென்பொருள்கள் போதும். மூன்றும் இலவசம்.

முதலில் ஷாட்கட்டில் பாட்டைப் போட்டு, ஒரு தேயிலை மலைப் படத்தை அதன் நீளத்துக்கு இழுத்து வைத்து எம்பி4 ஆக எடுங்கள். அதை ஏஜிசப்பில் திறந்து, ஆடியோ மெனுவில் 'ஓப்பன் ஆடியோ ஃப்ரம் வீடியோ' கொடுங்கள். வரிகள் யூனிகோடில் இருக்கட்டும். நம்மில் பலரிடம் பாட்டு பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் கிடக்கும், மாற்றிவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் அலைவரைபடத்தில் இடது சொடுக்கால் தொடக்கத்தையும் வலது சொடுக்கால் முடிவையும் குறித்து, ஜி விசையை அழுத்துங்கள்.

அடுத்தது கரோக்கே பொத்தான். வேலையின் உயிர் இங்கேதான். மென்பொருள் இடைவெளி பார்த்துச் சொல் சொல்லாகத்தான் பிரிக்கும். உள்ளே பிரிப்பது நம் கை. 'கொழுந்துக் கூடை நெறஞ்சுபோச்சு' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். கொ, ழுந், துக், கூ, டை, நெ, றஞ், சு, போச், சு என்று வாய் பிரிகிற இடத்தில் சொடுக்குங்கள். எழுத்தெழுத்தாக வெட்டினால் நிறம் தத்தித் தத்தி ஓடும். 'கொ'வின் ககரத்துக்கும் கொம்புக்கும் நடுவே மட்டும் வெட்டிவிடாதீர்கள். குறி தனியே பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். மெய்யை முந்தைய எழுத்தோடு விடுவதுதான் பாடுபவருக்கு வசதி.

பிறகு பாட்டைக் கேட்டபடி எல்லைக்கோடுகளை இழுத்துச் சரிசெய்து, மறுபடி ஜி. நேரக் கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு என்பதால் தப்பின் அடிக்கே பொருத்தலாம்.

பிரித்த வரியின் மேல் வலது சொடுக்கினால் மூன்று வகை வரும். 'கே' சட்டென நிறம் மாற்றும். 'கேஎஃப்' இடமிருந்து வலமாக வழியவிடும். 'கேஓ' வெளிக்கோட்டைக் கையாளும். தாலாட்டுக்கும் இழுத்துப் பாடும் பாட்டுக்கும் கேஎஃப், தப்புக்கு கே. இது என் கணக்கு.

நிறம் ஸ்டைல் மேனேஜரில். பாடுமுன் தெரிவது இரண்டாம் நிறம், பாடியபின் முதல் நிறம். பெயரைப் பார்த்துத் தலைகீழாக வைப்பவர்கள்தான் அதிகம். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், வெளிக்கோடு கறுப்பு.

வரி மெல்லத் தோன்றி மறைய, அதன் தொடக்கத்தில் நெளி அடைப்புக்குள் பின்சாய்வுக்கோடு, எஃப், ஏ, டி (சிறிய ஆங்கில எழுத்து), அப்புறம் அடைப்பில் 200,200 என்று எழுதுங்கள். அது மில்லிநொடி.

சேமிக்கும்போது ஏ.எஸ்.எஸ் என்ற சப்டைட்டில் கோப்பாகவே சேமியுங்கள், எளிய வகையான எஸ்.ஆர்.டி-க்குப் போனால் இந்த வேலையெல்லாம் உதிர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக்கில் சப்டைட்டில் தாவலில் அந்தக் கோப்பை இறக்கி 'பர்ன் இன்' போட்டால் வரிகள் வீடியோவோடு ஒட்டிக்கொள்ளும். முழுப் பாட்டையும் மாற்றுமுன் ஒரு நிமிடத் துண்டை மட்டும் எடுத்து, பகல் வெளிச்சத்தில் திரையில் போட்டுப் பாருங்கள். வெளிர்நிறங்கள் தெரியாவிட்டால் அப்போதே மாற்றிவிடலாம்.