எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்த விதம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்று மாதமாக விடிகாலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அப்புறம் பத்து மணிக்கு மேல் பழுப்பாகக் கொஞ்சம் ஒழுகும், துணியில் வடிகட்டினால் சேறு விரலில் ஒட்டும். தோட்டத்துக் கணக்கர் கிராணியிடம் வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனோம். எழுதிக் கொடுக்காததுதான் தவறு.

தொழிலாளர் வீட்டு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டப்படி, தோட்ட வீட்டில் குடியிருக்கும் தொழிலாளிக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும். இது தெரிந்ததும் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, நேரம், எத்தனை வீட்டில் வரவில்லை என்று தினமும் குறித்தேன். எதிர்வீட்டு அக்கா, "தம்பி, வேலை போயிடுமா?" என்று கையெழுத்துப் போடத் தயங்கினார். அந்தப் பயம் நியாயமானது. அதனால் யார் முதலில் போட்டது என்று தெரியாதபடி எல்லாரும் வட்டமாகக் கையெழுத்திட்டோம். மலாயில் எழுதிய கடிதம் நிர்வாகத்துக்கு ஒன்று, ஈப்போவில் தொழிலாளர் இலாகாவுக்கு ஒன்று. கடிதம் பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரை வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். நிர்வாகம் தண்ணீர்த் தாங்கியைக் கழுவி, பம்பை மாற்றியது. இப்போது பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) கிளம்பும் முன்பே அக்கா வீட்டு வாளி நிறைந்துவிடுகிறது. நோட்டை நான் இன்னும் மூடவில்லை.